கரிசலில் மரத்தடி வீடு

எட்டயபுரத்தில் மரவீட்டுக்கு வரைபடம் போட்ட தம்பிக்கு,

ஆலையில் ஒரே கனத்துக்குச் சீவி, மேல்பக்கம் நாக்கும் கீழ்ப்பக்கம் காடியும் எடுத்த மரத்தடிகளைப் படுக்கைவசமாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வவிட்டுச் சுவராக்குவது மரத்தடி வீடு. இதில் செங்கல் கிடையாது, பூச்சு கிடையாது. பாரம் தாங்குவதும் சுவர்தான், வெயிலைத் தடுப்பதும் சுவர்தான். செங்கல் வீட்டிலிருந்து இது முக்கியமாக விலகும் இடம் ஒன்று: கட்டி முடித்துக் குடி போன பிறகும் இந்தச் சுவரின் உயரம் குறைந்துகொண்டு வரும். தம்பி அனுப்பிய வரைபடத்தில் கோடு சுத்தம், அளவு சுத்தம். சுவர் இறங்கும் என்ற நினைப்பு மட்டும் ஒரு தாளிலும் இல்லை. இந்தக் கடிதம் பெரும்பாலும் அதைப் பற்றியது. மரம் அறுப்பதும் மட்டம் பார்ப்பதும் பட்டறையில் வளர்ந்தவருக்குச் சொல்லித் தர வேண்டியவை அல்ல. அவை இங்கே வரா.

ஊசியிலை மரங்கள் நெடுநெடுவென்று நேராக வளரும் பின்லாந்து, நார்வே, ரஷ்யா போன்ற நாடுகளில் இது சாதாரணக் குடியானவர் வீடு. இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு இமாச்சலப் பிரதேச மலைகளில் இருக்கிறது. தேவதாரு உத்தரத்தையும் கல்லையும் வரிசை மாற்றி அடுக்கும் காட்-குணி சுவர், சாந்து இல்லாமலே நிலநடுக்கத்தைத் தாங்கி நிற்கிறது. தெற்கே நாஞ்சில் நாட்டில் பலகையை நிரையாகப் பொருத்திச் சுவராக்கிய வீடுகள் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மரவேலையின் உச்சம் அது. எட்டயபுரத்துத் தச்சர் யாரானாலும் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும். கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன், தூண்கள் எதன்மேல் நிற்கின்றன என்று குனிந்து பார்க்க வேண்டும்.

கரிசலில் அப்படி ஒரு மரபு இல்லை, அதற்குக் காரணம் மரம்தான். வேம்பு கிளைத்துப் போகும், கருவேலம் முறுக்கிக்கொள்ளும், உடைமரம் குடை விரித்து நின்றுவிடும். கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் போனது. வீட்டுச் சுவர் மண்ணிலும் கல்லிலும் எழுந்தது. மரம் என்று வீட்டில் இருந்தது கூரையிலும் வாசலிலும்தான். கி.ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் தீர்வைப் பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்படுவது வீட்டுக் கதவு. இந்தச் சீமையில் மரத்துக்கு இருந்த மதிப்பு அது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுத் தடிகள் வந்து இறங்குகின்றன, செங்கோட்டைப் பக்கம் அறுவை ஆலைகள் இருக்கின்றன. மரம் கிடைக்கிறது. கரிசல் மண்ணோ பழையபடியே இருக்கிறது.

மண்ணை முதலில் பார்க்க வேண்டும். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் உப்பிய நிலம் சித்திரை வைகாசியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இதில் மரவீட்டுக்காரர் பெரும்பாலும் தப்பாகக் கணக்குப் போடுகிறார். மரச்சுவர் லேசு, அதனால் அஸ்திவாரமும் லேசாகப் போதும் என்று நினைக்கிறார். ஆறு அங்குலப் பைன் தடிச் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் உப்பும் மண் கீழிருந்து மேலே தள்ளுகிறது. கனத்த கட்டடம் அந்தத் தள்ளலை ஓரளவு அமுக்கிப் பிடிக்கும். லேசான கட்டடத்தை மண் தூக்கிவிடும். கரிசலில் மாடி வீட்டைவிட ஒற்றைத் தள வீடும் சுற்றுச்சுவரும் அதிகம் வெடிப்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய கொத்தனார்கள் கரிசலைத் தாண்டிச் சரளோ சுக்கான் பாறையோ தட்டுப்படும்வரை தோண்டினார்கள். எட்டும் ஆழம் என்றால் இன்றைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. எட்டாத இடத்தில் அடிப்பாகம் குமிழாக அகன்ற கான்கிரீட் தூண்களை இறக்குவது முறை. பொறியாளர்கள் அண்டர் ரீம்டு பைல் என்பார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. குமிழின் விட்டம் தூணைப்போல இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். அந்த ஆழத்தில் ஈரம் பருவத்துக்குப் பருவம் அவ்வளவாக மாறாது, குமிழ் அங்கே நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கும் நிலத்துக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மண் உப்ப அந்த இடம் தேவை. வரைபடத்தில் தூண்கள் சரியாகவே விழுந்திருக்கின்றன. உத்தரம் மட்டும் நேராக மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திருத்தப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது அடித்தடி. இரண்டாம் தாளில் முதல் வரிசைத் தடியை ஈரக் கான்கிரீட்டுக்குள் பாதி அமிழ்த்தி வரைந்திருக்கிறார் தம்பி. அசையாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். சிமென்டுக்குள் புதைந்த மரம் மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை வெளியேற்ற வழியில்லாமல் ஊறும். மேற்பரப்பு காய்ந்து தெரிய, உள்ளே இற்றுப்போகும். கண்ணுக்குப் படும்போது கத்தியை வைத்தால் கைப்பிடிவரை இறங்கும். நார்வேயில் மண்ணில் தூண் நட்டுக் கட்டிய ஆதி மரத்தேவாலயங்கள் அழுகி மறைந்தன. கல்லின்மேல் அடித்தடி வைத்து, அதன்மேல் தூண் நிறுத்திய பிறகுதான் அவை நின்றன. அப்படி 12ஆம் நூற்றாண்டில் கட்டிய உர்னெஸ் தேவாலயம் இன்றும் இருக்கிறது. 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே குளிர், இங்கே வெயிலும் கரையானும். காற்று படும் மரம் வாழும் என்பது இரண்டு ஊருக்கும் பொது.

எனவே அடிமேடை தரையிலிருந்து இரண்டடிக்குக் குறையக் கூடாது. மேடையின்மேல் ஈரம் ஏறாத பூச்சு, அதற்கு மேல் துத்தநாகம் பூசிய தகடு. தகட்டின் விளிம்பு இரு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கிச் சாய வேண்டும். கரையானைத் தகடு கொல்லாது. சுவருக்குள் மறைந்து ஏற வழியில்லாமல் செய்து, மண்குழாயை வெளியே கட்ட வைக்கும், பார்த்தவுடன் தட்டிவிடலாம். முதல் வரிசைக்குப் பைன் ஆகாது. தேக்கிலோ வேங்கையிலோ வைரம் மட்டும் எடுத்துப் போட வேண்டும், வெள்ளை ஒரு விரல் அகலம்கூட இருக்கக் கூடாது. மேலே உள்ள பைன் அழுத்தத்தில் மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். வெறும் போரிக் மருந்து உள்சுவருக்குச் சரி, மழை படும் வெளிமுகத்தில் கரைந்து போய்விடும்.

இனி மரத்தின் ஈரம். வெட்டிய மரத்தில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. நார்களின் உள்வெளியில் நிற்கும் தண்ணீர் போகும்வரை மரம் சுருங்காது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின், நாரின் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் போகத் தொடங்கும், அப்போதுதான் சுருக்கம். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் சுருங்காது. குறுக்கே சுருங்கும்: மையத்திலிருந்து வெளிநோக்கி ஒரு பங்கு என்றால், வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு பங்கு. நிற்கவைத்த தூண் தன் உயரத்தை விடாது. படுக்கவைத்த தடிகளை அடுக்கிய சுவர் விடும். மரத்தடி வீட்டின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

பச்சையாக அடுக்கிய எட்டடிச் சுவர், மரம் கரிசல் காற்றுக்குக் காய்ந்து 10 சதவீத ஈரத்துக்கு வரும்போது மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்கும். சூளையில் 18 சதவீதத்துக்கு உலர்த்தி வந்த தடியானால் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆலைச் சீட்டில் உலர்ந்த மரம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. ஆறு அங்குலத் தடியின் மேல்தோல் காய்ந்து நடு ஈரமாகவே இருக்கும். ஈரமானியின் ஊசியை நடுவரை இறக்கிப் பார்க்க வேண்டும். வந்த தடிகளை நிழலில், இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கி, ஒரு கோடையும் ஒரு மழையும் ஊரோடு பழகவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று மரத்தின் இரு முனைகளையும் முதலில் காயவைத்துப் பிளந்துவிடும். முனைகளுக்கு மெழுகு பூசி வைப்பது அவசியம்.

இப்போது மூன்றாம் தாளுக்கு வரலாம். தலைவாசல் நிலையை இருபுறத் தடிகளிலும் ஆறு அங்குல ஆணி அடித்து இறுக்கி, நிலையின் தலை மேல்தடியைத் தொடும்படி வரைந்திருக்கிறது. எல்லாச் சன்னலுக்கும் இதே கதி. இந்த வரைபடத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். செங்கல் வீட்டுப் பழக்கம் மரவீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டது. நிலைக்கால் நின்ற மரம், சுருங்காது. பக்கத்துச் சுவர் படுத்த மரம், இறங்கும். ஓர் அங்குலம் இறங்கும்போது நிலைக்கு மேலே உள்ள தடிகள் கீழே வர முடியாமல் நிலையின் தலைமேல் தொங்கும். வாசலுக்கு இரு பக்கமும் தடிக்கும் தடிக்கும் இடையே சந்து விழும், விளக்கு வைத்தால் வெளிச்சம் தெரியும். ஐப்பசிச் சாரல் அந்தச் சந்து வழியே கூடத்துக்குள் வரும். கூரைப் பாரம் முழுவதும் நான்கு நிலைகளின் தலையில் ஏற, கதவு கவ்விக்கொண்டு திறக்காது. வீட்டுக்காரர் கதவைச் சீவச் சொல்வார், ஆசாரி சீவுவார். அடுத்த வருடம் மறுபடி கவ்வும்.

தீர்வு பழையது, எளியது. வாசலுக்காக வெட்டிய தடி முனைகளில் மேலிருந்து கீழாக இரண்டு அங்குல அகலத்தில் ஒரு காடி எடுக்க வேண்டும். அந்தக் காடிக்குள் நின்றவாக்கில் ஒரு சட்டத்தைச் சொருக வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. நிலையை அந்தச் சட்டத்தில் மட்டும் அடிக்க வேண்டும். சட்டம் சுவரைப் பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கும், தடிகள் அதை உரசிக்கொண்டு இறங்கும். நிலையின் தலைக்கும் மேல்தடிக்கும் இடையே, உலர்ந்த மரமானால் ஒன்றேகால் அங்குலமும், பச்சை மரமானால் மூன்றுக்குக் குறையாமலும் இடம் விட வேண்டும். இடைவெளியில் தென்னை நார் திணித்து, முகப்பில் ஒரு பலகை வைத்து மூடலாம். பலகையை மேல்தடியில் மட்டும் அடிக்க வேண்டும்; நிலையிலும் சேர்த்து அடித்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இதில் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். செங்கல் வீட்டில் நல்ல நாள் பார்த்து முதலில் நிலை வைத்து, சுவரை அதைச் சுற்றி எழுப்புவார்கள். மரத்தடி வீட்டில் வரிசை தலைகீழ். சுவர் எழுந்து கூரைப் பாரம் ஏறிய பிறகுதான் நிலை உட்கார வேண்டும். வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தோடு முன்னாடியே வந்து நிற்பார். அவர் மனம் நோகாமல் அன்றைக்கு நிலையை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை செய்து, பிறகு கழற்றி வைத்துக்கொள்ளலாம். பழைய ஆசாரிகளுக்கு இந்த மாதிரி இணக்கம் நன்றாகவே தெரியும்.

நிலைக்குச் சொன்னது நின்றவாக்கில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். தாழ்வாரத் தூண்கள் இறங்காது, அவை தாங்கும் கூரையின் மறுபக்கம் சுவரோடு இறங்கும். ஆகவே தூணின் காலடியில் திருகுத் தாங்கி வைத்து, சுவர் இறங்க இறங்கத் தூணையும் இறக்க வேண்டும். மாடிப்படியின் மேல்முனையும் தண்ணீர்க் குழாயும் நழுவ இடம் வேண்டும்.

மூலைப் பொருத்து ஐந்தாம் தாளில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வார்த்தை போதாது. கவ்வும் முகங்கள் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் சாய்த்து, உள்ளே புகுந்த மழைத்துளியும் தானே வழிந்து வெளியேறும்படி, தடி இறங்க இறங்கக் கவ்வல் இன்னும் இறுகும்படி வரைந்திருக்கிறார். தடியின் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு வெட்டுக் கொடுத்து, காயும்போது வரும் பிளவை அடுத்த தடிக்கு அடியில் மறைந்து விழச் செய்திருக்கிறார். இந்த வயதில் இந்தக் கை வாய்ப்பது அபூர்வம். அந்த ஒரு தாளைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டலாம்.

கூரைத் தாளில் நாலுக்கு இரண்டு பைன் கைமரம். பனை விளையும் சீமையில் கூரைக்குப் பைன் வாங்குவதை எந்தக் காரணம் சொன்னாலும் ஒப்ப முடியாது. பனை மரவகையே அல்ல, புல்லின் உறவு. வளையம் கிடையாது, வெளிச்சுற்றில் கறுத்த நார் நெருங்கி இரும்பாக இருக்கும், நடுவில் சோறு. அதனால் பனையை உருண்டைத் தடியாகச் சீவிச் சுவருக்கு அடுக்க முடியாது. நெட்டவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்தபின் மிஞ்சும் வைரம்தான் பனங்கை. முதிர்ந்த மரத்தின் அடிப்பாகத்துக் கைக்கு இணையாகக் கூரையில் நிற்கக்கூடியது தேக்கைத் தவிர வேறில்லை. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனங்கை கடல் தாண்டி விற்பனைக்குப் போனது.

எட்டயபுரம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வீடு கட்டுவது என்றால் பனை பார்க்கப் போவதுதான் முதல் வேலை. ஆசாரி வாய்ச்சியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் தட்டுவார். கணீரென்றால் சுண்ணாம்பால் கோடு. மொத்தென்றால் அடுத்த மரம். பிளப்பதற்கு ரம்பம் வராது. முனையில் வரிசையாக ஆப்பு வைத்து, இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். நார் கிழியும் ஓசை மரத்தின் முழு நீளத்துக்கும் ஓடும். பிறகு குந்தியிருந்து வாய்ச்சியால் சோற்றைச் செதுக்கும் வேலை. சிலாம்பு உள்ளங்கையில் ஏறினால் சீழ் கட்டாமல் வெளியே வராது. செதுக்கிய கைகளைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, மாவுச்சத்து கரைந்தபின் எடுத்துக் காயவைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கூரை ஏற்றினார்கள். அப்படி ஏறிய கைகள் அடுப்புப் புகை குடித்துக் கறுத்து, மூன்று தலைமுறை தாங்கின. இன்று அந்த வீடுகளை இடிக்கும்போது சுவர் மண்ணாகப் போகிறது. பனங்கை அப்படியே முழுசாக இறங்குகிறது.

புதிதாகப் பனை வெட்ட வேண்டியதும் இல்லை. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையின் அறிவிப்புக்குப் பிறகு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அது நல்ல ஏற்பாடு. இடித்த வீட்டுப் பனங்கையைத் தேடி வாங்குவதே வழி. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் பழைய வீடு இறங்கும் இடத்தில் சொல்லிவைத்தால் கிடைக்கும். வாங்கும்போது சுவருக்குள் இருந்த இரு முனைகளையும் ஓர் அடி நறுக்கிவிட வேண்டும். ஆணியை நேராக அடித்தால் வளையும். துளை போட்டுத் திருகாணி இறக்க வேண்டும். பனங்கையின்மேல் ரீப்பர் அடித்து ஓடு வேய்ந்தால், தகரத்தைவிட வெயிலுக்கும் இதம், காற்றுக்கும் கனம்.

தீப்பெட்டி ஊரில் மரவீடு என்றால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி தீ. குச்சிக்கு எடுப்பது மென்மையான லேசான மரம். அதை மெல்லிய குச்சியாக்கி மெழுகில் தோய்ப்பதால் சட்டென்று பற்றுகிறது. கனத்த தடி அப்படி எரியாது. மேலே கரிந்த அடுக்கு உள்மரத்துக்கு வெப்பம் போகாமல் தடுக்கும். ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கரியும் என்று ஐரோப்பிய விதிநூல் கணக்கு வைக்கிறது. அரைமணி நேரத்தில் 150 மில்லிமீட்டர்த் தடியில் சுமார் 20 போகும். ஆபத்து மெல்லிய கூரைப் பலகையிலும் மின்கம்பியிலும்தான். கம்பிகள் இரும்புக் குழாய்க்குள் ஓட வேண்டும்.

வெளிமுகத்துக்கு எனாமல் பெயின்ட் அடிக்கக் கூடாது. அது படலமாக நின்று, வெடித்த இடத்தில் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடாது. மரத்துக்குள் இறங்கும் ஆளிவிதை எண்ணெய் போதும். மேற்குச் சுவருக்கு மட்டும் வருடந்தோறும், மற்றவற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூசலாம்.

கடைசியாக இழுகம்பிகள். ஆடிக் காற்று கூரையைத் தூக்காமல் இருக்க, அடிமேடையிலிருந்து மேல்தடிவரை சுவருக்குள் இரும்புக் கம்பி ஓட்டி மேலே மரையிட்டு இறுக்குவது முறை. ஆறாம் தாளில் கம்பி இருக்கிறது. சுவர் இறங்கியதும் அது தளரும் என்பதால் முதல் இரண்டு வருடம் சித்திரையிலும் மார்கழியிலும் மரையை இறுக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வரைபடத்தில் மரைகள் கூரைப் பலகைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கின்றன, ஸ்பேனர் போக வழியில்லை. ஒவ்வொரு மரைக்கும் நேரே கழற்றக்கூடிய ஒரு சிறு மூடி வைத்து, அதன் இடத்தைத் தாளில் குறித்துவிட்டால் வரைபடம் ஆசாரி கைக்குப் போகலாம்.